சாய வாய்க்காலில் ஒரு பரிசல் பயணம்

நான் ரசாயனம் படித்துவிட்டு நகரசபையில் தண்ணீர் சோதிக்கும் வேலையில் சேர்ந்தபோது, எங்கள் நெசவு ஊரின் நடுவே ஓடிய வாய்க்காலுக்கு ஒரே வேலைதான் மிச்சம் இருந்தது. சாயப்பட்டறைக் கழிவைச் சுமப்பது. அதற்கு முன்னால் நூல் மூட்டைகள் அதில் பரிசலில் போயினவாம். ராசிபுரத்துக்கு பஸ் ஓடத் தொடங்கியதும் மூட்டைகள் கரையேறிவிட்டன.

வாய்க்காலின் கடைசியில் இருந்த தெருவில் கிணறு வற்றிவிட்டதால், அங்கிருந்த பெண்கள் அந்தத் தண்ணீரைத்தான் மொண்டு குடித்தார்கள். குழாய் கேட்டு மனுக் கொடுத்தார்கள். பரிசலிலேயே போய்ப் பார்த்து முடிவு சொல்வதாக நகரசபைத் தலைவர் அறிவித்து, அமாவாசையன்று நாள் குறித்தார்.

அமாவாசையன்று தறி ஓடாது, பட்டறையும் திறக்காது என்று நெசவுக் குடும்பத்தில் பிறந்த நான் எடுத்துச் சொன்னேன். நல்ல நாளில் போனால்தான் நல்லது நடக்கும் என்றார். யாருக்கு நல்லது என்று சொல்லவில்லை.

பரிசலில் ஏறியவை: தலைவர், அவர் உட்கார ஒரு நாற்காலி, அங்கத்தினர்கள் இருவர், குடை, வெற்றிலைப் பெட்டி, நான், தண்ணீர் பிடிக்க என் குப்பிகள். நாற்காலியின் கனத்தில் பரிசல் ஒரு பக்கம் சாய்ந்து சுற்றிச் சுற்றியே போயிற்று. ஆகவே தலைவர் இரண்டு கரைகளையும் பலமுறை பார்வையிட்டார். பூட்டிய பட்டறைகளும் கூரை போன நூல் கிடங்குகளும் அவரை வலம் வந்தன. தண்ணீரோ தெளிந்து ஓடியது. அடிமணல் தெரிகிறது என்று அங்கத்தினர்கள் மாறி மாறிச் சொன்னார்கள்.

கடைசித் தெருப் படித்துறையில் பெண்கள் காத்திருந்தார்கள். தண்ணீர் நன்றாக இருக்கிறது, குழாய் அவசியமில்லை என்று தலைவர் நாற்காலியிலிருந்தபடியே சொன்னார். இன்று எடுத்த தண்ணீரை வைத்து நான் கையெழுத்துப் போட முடியாது, நாளைக்கு மறுபடி வரலாம் என்றேன்.

"நாளைக்குப் பாட்டிமை. எவனாச்சும் பாட்டிமையில நல்ல காரியத்துக்குக் கிளம்புவானா, அம்மிணி?" என்றார் தலைவர். அமாவாசைக்கு மறுநாளான பிரதமையைத்தான் எங்கள் பக்கம் பாட்டிமை என்பார்கள்.

ஒரு பெண் இடுப்புக் குடத்திலிருந்து சொம்பில் ஊற்றி நீட்டினாள். தண்ணீர் செம்பருத்திப் பூவின் நிறத்தில் இருந்தது.

"நேத்து மொண்டு வச்சதுங்க சாமி. ஒரு வாய் குடிச்சுப் பாருங்க."

"எனக்கு இன்னைக்கு விரதமுங்க" என்றார் தலைவர்.

ஓர் அங்கத்தினருக்குச் சளி பிடித்திருந்தது. இன்னொருவர் வெளியில் தண்ணீர் குடிப்பதில்லையாம்.

"அப்ப எங்களுக்கும் விரதம்னு எழுதிக்குங்க. தெனமும்" என்றாள் அவள். சொம்பு நீட்டிய கையை மடக்கவில்லை. அவளுக்குப் பின்னால் இருந்த பெண்களும் நகரவில்லை.

தலைவர் அங்கேயே அறிக்கை எழுதச் சொன்னார். 'வாய்க்கால் தண்ணீர் சுத்தமாக உள்ளது. இருப்பினும் தெருவின் கௌரவத்தை உத்தேசித்து ஒரு குழாய் கொடுக்கலாம்.'

முதல் வாக்கியத்துக்குக் கையெழுத்துப் போட மறுத்துவிட்டேன். இரண்டாவதற்குப் போட்டேன். குழாய் பதிக்க அது போதுமானதாக இருந்தது.