பீப்பாய்க்குள் சிவப்புப் புழுக்கள்

காலை ஆறு மணி. எங்கள் வீட்டின் பின்புறம் மீனையும் கீரையையும் ஒரே தண்ணீரில் வளர்க்கிறோம். மீன் கழிவை வடிகட்டும் பீப்பாயின் அடியில் சிவப்புப் புழுக்கள் நெளிவதைக் கண்டேன். உள்ளே மனைவி காய்ச்சலோடு படுத்திருந்தார். ஏழு மாதக் கர்ப்பிணி. டெங்குவா என்றறிய முதல்நாள் கல்முனையில் இரத்தம் கொடுத்திருந்தோம். அறிக்கை இன்னும் வரவில்லை.

அவை நுளம்புக் குடம்பிகள், அதாவது கொசுப் புழுக்கள் என்று நினைத்து, ஊற்றிக் கொல்ல மண்ணெண்ணெய்ப் போத்தலை எடுத்தேன். மனைவி விஞ்ஞான ஆசிரியை. யன்னலால் பார்த்துவிட்டார்.

"மச்சான், மீனெல்லாத்தையும் கொல்லப் போறீங்களா? ஒரு போத்தல்ல அள்ளிக் கொண்டாங்க, பார்ப்பம்."

கொண்டுபோய்க் காட்டினேன். புழுக்கள் அடியிலேயே கிடந்தன.

"நுளம்புக் குடம்பி மூச்செடுக்க மேல வந்து தலைகீழாத் தொங்கும். இது கடிக்காத பூச்சிட குடம்பி. மீனுக்குத் தீன்."

"அப்ப நுளம்பு எங்க இருந்து வருது?"

"மண்ணெண்ணெயக் கீழ வெச்சிட்டு அதத் தேடுங்க."

தேடினேன். கடைசியாகப் பார்த்தது, தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவி வுழூச் செய்யத் தண்ணீர் வைக்கும் அண்டா. சுத்தமான தண்ணீர்தானே என்று, குறையக் குறைய நிரப்புவோமே தவிர ஒருநாளும் வெறுமையாக்கியதில்லை. டோர்ச் அடித்தேன். மேற்பரப்பில் தலைகீழாகத் தொங்கியவை துடித்துக்கொண்டு கீழே இறங்கின.

பகல் வந்த அறிக்கை டெங்கு என்றது. அன்றே ஆஸ்பத்திரி வார்டில் சேர்த்தோம். மனைவி குணமாகி வீடு வந்தார்.

இப்போது ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆத் தொழுகைக்கு முன் அண்டாவைக் கவிழ்த்து, உட்சுவரை உரஞ்சிக் கழுவுகிறேன். நுளம்பு முட்டை அங்கேதான் ஒட்டியிருக்கும்.

மகள் முழு மாதத்தில் பிறந்தாள். நிறை இரண்டே முக்கால் கிலோ.