நகராத கதவு

பேராவூரணியில் என் சகலை வீட்டு வாசற்கதவு உள்பக்கமாகத் திறக்கும். புயல் கரையேறிய விடிகாலையில் அதன் தாழ்ப்பாள் நிலையிலிருந்து ஆணியோடு பிய்ந்து விழுந்தது. சகலை பாய்ந்துபோய்க் கதவில் முதுகைக் கொடுத்தார். எதிரே அடுக்கியிருந்த நெல்மூட்டைகளில் இரண்டு பாதங்களையும் ஊன்றிக்கொண்டார். பக்கத்தில் நான் தோளைக் கொடுத்தேன். பேறுகாலத்துக்கு வந்திருந்த அவர் மகள், பச்சிளம் பெண்குழந்தையோடு கூடத்துச் சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்தால் காற்று உள்ளே புகுந்து கூரையைத் தூக்கிவிடும். ஓடுகள் அவர்கள் தலைமேல்தான் விழும். என் மனைவியும் அவள் தங்கையும் ஒரு மெத்தையைக் குழந்தைக்கு மேலாகத் தூக்கிப் பிடித்தபடி நின்றார்கள்.

தஞ்சாவூரில் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்துகிறவன் நான். விசை கொடுத்தால் மட்டும் அது வேலை ஆகாது, அந்த விசையால் பொருள் நகரவும் வேண்டும் என்று ஒரு விருந்தில் சகலையிடம் சொல்லியிருக்கிறேன். தலையில் மூட்டையோடு ஒருவன் அசையாமல் நின்றால் அறிவியல் கணக்கில் அவன் செய்த வேலை பூஜ்யம். "அப்ப நாள் பூரா நின்னுக்கிட்டே பாடம் நடத்துறீங்களே, அதுக்கு ஏன் சகலை சம்பளம் வாங்குறீங்க?" என்றார். பந்தியே சிரித்தது.

அன்று கதவோடு நிற்கும்போதும் அதை அவர் விடவில்லை. "சகலை, நம்ம ரெண்டு பேரு வேலையும் இப்ப சைபர்தானே?" என்று கத்தினார்.

"சைபர்தான்!"

"சைபராவே இருக்கட்டும். ஒரு நூலு நகந்தாலும் போச்சு."

காற்று அடங்கும்வரை கதவு நகரவில்லை. ஆனால் நான் வகுப்பில் சொல்லும் விடையில் பாதி உண்மைதான் இருக்கிறது. பூஜ்யம் என்பது கதவின்மீது செய்த வேலைக்கு மட்டும். விறைத்து நிற்கும் தசைக்குள் நுண்ணிய இழைகள் இழுத்து, விட்டு, மறுபடி இழுத்துக்கொண்டே இருக்கின்றன. உடம்பின் ஆற்றல் வெப்பமாகத் தீர்கிறது. கதவை விட்டு விலகியபோது சகலையின் கால்கள் மடங்கின. வெளியே அவருடைய தென்னந்தோப்பு முழுவதும் ஒரே திசையில் படுத்துக் கிடந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து குழந்தையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். அதன்பிறகு வலது தோள் அவருக்குச் சரியாகவே இல்லை.

இரண்டு ஆண்டுகளாக அவருக்கு நினைவு தப்பி வருகிறது. மருமகன் சிங்கப்பூரில் இருப்பதால் மகளும் பேத்தியும் இந்த வீட்டில்தான் இருக்கிறார்கள். அன்றைய பச்சிளம் குழந்தையான பேத்தி இப்போது பள்ளிக்குப் போகிறாள். போன வாரம் நான் போயிருந்த மாலையில் தென்னங்கீற்று அசையும் அளவுக்குக்கூடக் காற்றில்லை. சகலை திடீரென்று எழுந்துபோய்க் கதவைச் சாத்தி முதுகைக் கொடுத்து நின்றார். மூட்டைகள் இல்லாத தரையில் பாதங்கள் வழுக்கின.

"காத்தே இல்லைங்க, வந்து உட்காருங்க," என்றாள் கொழுந்தியாள். அவர் காதில் ஏறவில்லை.

அப்போது வெளியிலிருந்து யாரோ தள்ளினார்கள். "தாத்தா, நான்தான். தொறங்க!" பள்ளி விட்டு வந்த பேத்தி.

"பேயாத் தள்ளுது சகலை," என்றார் அவர். "வந்து புடிங்க."

"உங்க பேத்திங்க. விடுங்க," என்றேன்.

"பேத்தி உள்ள தூங்குறா. மெதுவாப் பேசுங்க."

அவள் மறுபடி தள்ளினாள். அவர் பல்லைக் கடித்துத் தாங்கினார். கழுத்து நரம்பு புடைத்தது, கதவு அசையவில்லை. அந்த முகத்தைப் பார்த்தபின் அவர் கையைப் பிடித்து இழுக்க எனக்கு மனம் வரவில்லை.

கொழுந்தியாள் கொல்லைக் கதவைத் திறக்கப் போனாள். இது பழக்கம்போலும்; பேத்தியும் கேட்காமல் சுற்றிக்கொண்டு வந்தாள். பையைக் கழற்றிப் போட்டுவிட்டு, தாத்தா பக்கத்தில் வந்து தன் சின்ன முதுகைக் கதவில் சாய்த்தாள். "நான் புடிச்சுக்கிறேன் தாத்தா. நீங்க போய் காப்பி குடிங்க."

சகலை அவளை ஏற இறங்கப் பார்த்தார். யாரென்று தெரியாத பிள்ளையிடம் பேசுகிற மரியாதையோடு சொன்னார்:

"உன்னால தாங்காதும்மா. நீ உள்ள போய் குழந்தைகிட்ட இரு."