வெண்ணெய்த் தட்டின் பின்பக்கம்

லவான் கிராட்ஸ் எங்கே சாப்பிடப் போனாலும் முதலில் தட்டைத் திருப்பித்தான் பார்ப்பாள். எந்த ரயிலில் பரிமாறிய பீங்கான் என்பதை அடி முத்திரைதானே சொல்லும்! ஒருமுறை சாப்பாடு இருப்பதை மறந்து திருப்பியதில் குழம்பு முழுக்கக் கணவன் வெண்டலின் மடியில்.

கான்சாஸில் பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டே இருபது வருடமாக, எப்போதோ நின்றுபோன சிமரான் ரயிலின் சாப்பாட்டுச் சாமான்களைச் சேர்த்துவந்தாள். ஒரு ஆள் சாப்பிடுவதற்கான முழு செட்டில் ஒன்றுதான் பாக்கி: உள்ளங்கையில் அடங்கும் வெண்ணெய்த் தட்டு. இரண்டு தடவை அகப்பட்டது. இரண்டு தடவையும் அவள் திருப்பிப் பார்த்ததை வியாபாரி டுவைட் ஸ்டக்கி கவனித்துவிட்டான். அவள் கை எதைத் திருப்புகிறதோ, அதைத்தான் அவன் ஏலத்தில் தூக்குவான்.

இன்று ஒரு பண்ணை வீட்டு ஏலம். ஊறுகாய் ஜாடிகள் நிறைந்த அட்டைப்பெட்டியில், காய்ந்த சோப்பு அப்பிய ஒரு சின்னத் தட்டு! விளிம்பில் சிமரான் தட்டுகளைப் போலவே இரண்டு நீலக்கோடு. ஆனால் அந்தக் கோடு நூறு ஓட்டல் தட்டுகளிலும் உண்டு. பின்பக்கம் பார்த்தால்தான் நிச்சயம். கை பரபரத்தது.

"ரெண்டு கையிலயும் எதையாவது புடிச்சுக்கோ," என்று வெண்டல் ஒரு துண்டு ஆப்பிள் பை பலகாரமும் காபியும் வாங்கித் திணித்தான்.

டுவைட் பின்னாலேயே வந்தான். "என்ன லவான், இன்னிக்கு எதையும் தொடவே மாட்டேங்கறீங்க?"

"பாத்தா தெரியல? சாப்பிட்டுட்டு இருக்கேன்."

"அப்ப இங்க ஒண்ணும் தேறாது."

"பை தேறும். வாங்கித் தின்னு."

பெட்டி ஏலத்துக்கு வந்தது. கை இரண்டும் நிறைந்திருக்க, லவான் தாடையை அசைத்து விலை கேட்டாள். வேறொருத்தி விலையை ஏற்றினாள். மறுபடி தாடை. டுவைட் கொட்டாவி விட்டான். ஒன்பது டாலருக்குப் பெட்டி அவளுடையது!

காபியை வெண்டலிடம் தள்ளிவிட்டுத் தட்டை எடுத்துத் திருப்பினாள். சோப்பு அசையவில்லை. "ஊத்து, ஊத்து!" வெண்டல் சூடான காபியை ஊற்றினான். சோப்பு கரைந்து வழிய, பச்சை எருமைத் தலை முத்திரை. அதன் கீழே சிமரான் என்ற பெயர்!

அவள் போட்ட கூச்சலில் ஏலக்காரரே நிறுத்திவிட்டார். டுவைட் ஓடிவந்தான்.

"பின்னாடி பாக்காமலேவா கேட்டீங்க? எங்க, காட்டுங்க!"

"நல்லாப் பாரு!" என்று அவள் திருப்பிக் காட்டினாள். பரபரப்பில் இரண்டு கையும் சேர்ந்தே திரும்பியது. ஆப்பிள் பை டுவைட்டின் பூட்ஸ்மேல் விழுந்தது.

"அப்பாடா, இந்தத் தடவை என் மடி தப்பிச்சுது," என்றான் வெண்டல்.