அடுத்த வீட்டாரை எண்ணச் சொன்னவர்

மலேசியா போய்வந்த எங்கள் இருபத்தாறு பேருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. இரண்டு வருடமாக அதில் காலை வணக்கத்தையும் ரோஜாப்பூவையும் தவிர எதுவும் வந்ததில்லை. போன வாரம் தேனியில் என் இரும்புக் கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தபோது, கம்பத்து டீச்சர் ஒரு வரி போட்டிருந்தார். "நம்ம ஞானதுரை அண்ணாச்சி தவறிட்டாக." தராசை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணாச்சியை அறிந்த உங்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. போடியில் ஏலக்காய் வியாபாரக் குடும்பம். அவருக்கு மட்டும் கடையில் கால் தரிக்கவில்லை. நம் பக்கத்துக் குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு சிங்கப்பூர், மலேசியா, இலங்கை என்று கிளம்பிவிடுவார். தன் தொழிலின் குறையை அவர் மறைத்ததே கிடையாது. "குரூப்புல போறது கல்யாண வீட்டுல தங்குற மாதிரி சார். பாத்ரூம் நம்ம இஷ்டத்துக்குக் கெடைக்காது. சோறு கேக்காமக் கெடைக்கும்" என்பார்.

அது உண்மைதான். கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்துக்கு இருபது நிமிடம், சாக்லேட் கடைக்கு ஒன்றரை மணி நேரம் என்று அந்தப் பயணத்தில் நான் புலம்பாத நாளில்லை. ஐந்து மணிக்கு எழுப்பிவிடுவார்கள். பிடித்த இடத்தில் நிற்க முடியாது, பிடிக்காத இடத்திலிருந்து கிளம்ப முடியாது. ஆனால் விசா, டிக்கெட், ஓட்டல் என்று எதற்கும் நான் அலையவில்லை. அந்நிய ஊரில் மத்தியானம் ரசமும் அப்பளமும் வந்தன. என் மனைவி சாந்தி பத்து நாள் அடுப்பை மறந்து இருந்ததை அப்போதுதான் பார்த்தேன். அதற்காகவே இன்னொரு முறை போகலாம்.

அண்ணாச்சியிடம் ஒரு வழக்கம் இருந்தது. பஸ் கிளம்பும்முன் அவரவர் குடும்பத்தை அவரவர் எண்ணக் கூடாது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு ஜோடிக் குடும்பம். அவர்களை நாம் எண்ணிச் சொல்ல வேண்டும், நம்மை அவர்கள் எண்ணுவார்கள். "சொந்த ஆள எண்ணுறப்ப கண்ணு ஏமாத்தும். இங்கனதான் இருப்பாகன்னு மனசே கூட்டிக்கிரும்" என்று காரணம் சொல்வார்.

தேனி பஸ் ஸ்டாண்டில், ஏர்போர்ட் போகும் எங்கள் பஸ்ஸில் ஏறினால், முன்சீட்டில் என் அண்ணன் குடும்பம். அப்பா வைத்த கடையைப் பாகம் பிரித்தபோது வாய் முற்றியதில் எங்களுக்குள் ஆறு வருடமாகப் பேச்சில்லை. என் மகளுக்கு அப்போதுதான் நிச்சயமாகியிருந்தது. பெரியப்பா இல்லாமல் மணமேடையில் எப்படி நிற்பது என்று சாந்தி தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த அண்ணன் குடும்பம்தான் எங்களுக்கு ஜோடி என்றதும் எனக்குத் தலைக்கேறிவிட்டது. பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும்படி அண்ணாச்சியை வைதேன். வாயில் வரக் கூடாததெல்லாம் வந்தது. அவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, "கம்ப்யூட்டர் போட்ட ஜோடி சார், நான் என்ன செய்ய?" என்றார். இறங்கிப் போகவும் வழியில்லை. பாஸ்போர்ட் எல்லாம் அவர் பையில் இருந்தன.

மூன்று நாள் அண்ணன் முகத்தைப் பார்க்காமலேயே, "நாலு பேரும் இருக்காக" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அண்ணன் என்னைவிட மோசம். "மூணு பேரு இருக்காக" என்று நிறுத்தி, கொஞ்சம் கழித்து, "அவனும் இருக்கான்" என்பார். பஸ்ஸே சிரிக்கும்.

நான்காம் நாள் சாக்லேட் கடை வாசலில் பஸ் நின்றது. அண்ணன் சீட் காலி. பத்துமலைக்கு நேரமாகிறது என்று பின்னால் முணுமுணுப்பு. "உங்க ஜோடி சரியா இருக்கா சார்?" என்றார் அண்ணாச்சி. இருக்கிறது என்று சொல்லிவிட்டால் என்ன என்று ஒரு நொடி எனக்குத் தோன்றியது. வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். அண்ணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு பேருதான் இருக்காக. எங்க அண்ணனைக் காணோம்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

தேட வேண்டியிருக்கவில்லை. எந்த ஊருக்குப் போனாலும் அவர் எங்கே நிற்பார் என்று எனக்குத் தெரியும். பின்தெருவில் ஒரு இரும்புக் கடை இருந்தது. அண்ணன் கதவுக் கீல் ஒன்றைக் கையில் வைத்து மடக்கி விரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், நேற்றுத்தான் பேசி விட்டதுபோல, "ஏலே, இதைப் பாரு. சத்தமே வரல" என்றார். நானும் வாங்கி மடக்கிப் பார்த்தேன். "நம்ம ஊருக்குத் தாங்காதுண்ணே, துருப்பிடிச்சிரும்" என்றேன். பத்துமலைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நல்ல வெயில். எல்லோரும் எங்களைத்தான் திட்டினார்கள்.

தை மாதம் மகள் கல்யாணத்தில் அண்ணன் மேடையை விட்டு இறங்கவே இல்லை. அண்ணாச்சி வந்து இரண்டாம் பந்தியில் உட்கார்ந்து பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அன்றாவது நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

போடியில் அடக்கம் முடிந்து ஒரே காரில் திரும்பினோம். அண்ணன்தான் ஓட்டினார். பின்சீட்டில் சாந்தியும் அண்ணியும் அழுதுகொண்டே வந்தார்கள். கோடாங்கிப்பட்டி தாண்டியதும் அண்ணி சொன்னார்: "கம்ப்யூட்டரும் இல்ல, ஒண்ணும் இல்ல. நாங்க ரெண்டு பேரும்தான் அண்ணாச்சியப் போயிப் பாத்து, நம்ம ரெண்டு வீட்டையும் ஜோடி போடச் சொல்லிக் கேட்டுக்கிட்டோம். எங்க பேரைச் சொல்லிருங்க, உங்களை வையப் போறாகன்னு சொன்னோம். கேக்கல."

"என்ன சொன்னாக?" என்றேன்.

"'என்னைய வையட்டும் ஆத்தா. உங்களைய வஞ்சா வருசக்கணக்காத் தீராது. என்னைய வஞ்சா பஸ் ஸ்டாண்டோட போச்சு'ன்னாக."

அண்ணன் காரை ஓரங்கட்டினார். பிறகு, "நானும்தான்டா வஞ்சேன். உனக்கு அரை மணி நேரம் முன்னாடி" என்றார்.

அண்ணாச்சியின் நினைவாக நான் என்ன வைத்திருக்கிறேன் என்று கேட்டால், என் அண்ணனை வைத்திருக்கிறேன்.