கிட்டார்க் கிழவரின் காது

டி.வி. விற்கும் கடையில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு நிகழ்ச்சியையும் முழுதாகப் பார்க்கக் கொடுத்துவைப்பதில்லை. வாசல் கதவு அசைந்தால் கண்ணும் அங்கே போய்விட வேண்டும். துணிக்கடை, பாத்திரக்கடை, மொபைல் கடை என்று எங்காவது காலை முதல் நின்றுகொண்டே சம்பளம் வாங்குகிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. குதிகால் வலியும் தெரியும், "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்" என்ற வார்த்தையும் தெரியும்.

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இதில் வரும் கிட்டார்க் கிழவரின் கதை எனக்கு நேரடியாகத் தெரிந்தது இல்லை. எங்கள் அரியலூர் ஷோரூமில் எனக்கு சீனியரான சேகர் அண்ணன் சொன்னது. அவருக்கு யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான், அதுவும் இயற்பியலில். எதையும் அளந்து பார்க்காமல் எழுதாதே என்று மூன்று வருடம் படித்துவிட்டு, வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரமே அந்தக் கதையை ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்ணிடம் சொல்லிவிட்டேன். அதனால் பின்னால் இரண்டு மாதம் எனக்கு நிலைகொள்ளவில்லை.

ஆறு கம்பி

எங்கள் கடைச் சுவரில் பதினொரு டி.வி. பதினொன்றிலும் ஒரே கச்சேரி. வெளிநாட்டில் ஏதோ ஒரு பெரிய மேடை. பல வருடங்களுக்கு முன்னால் வந்த ஒரு எலெக்ட்ரிக் கிட்டாருக்காக எடுத்த விழா அது. வாசித்தவருக்கு இல்லை, கிட்டாருக்கு. பேர்போன கலைஞர்கள் ஒவ்வொருவராக வந்து, அதே மாடல் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆளுக்கொரு பாட்டு வாசித்துவிட்டுப் போவார்கள். கடைசியில் எல்லோரும் சேர்ந்து நிற்பார்களாம். நான் அதுவரை பார்த்ததே இல்லை. மூன்றாவது பாட்டுக்குள் யாராவது வந்துவிடுவார்கள்.

கிட்டாரின் சிவப்பு நிறமும் கம்பிகளின் மினுக்கமும் டி.வி.யின் தெளிவைக் காட்டுவதற்கு நல்லது என்று சேகர் அண்ணன் சொல்லிக் கொடுத்திருந்தார். அதன்படி கீழப்பழுவூரிலிருந்து வந்த ஒரு பெரியவரை முன்னால் நிறுத்தி, "ஆறு கம்பியும் தனித்தனியா தெரியுது பாருங்க ஐயா" என்றேன். அவர் குனிந்து, ஒன்று இரண்டு என்று விரலை நீட்டி உண்மையாகவே எண்ணினார். எண்ணி முடித்து நிமிர்ந்து சொன்னார்: "கம்பி தெரியுதும்மா, இல்லங்கல. நம்மூரு நியூஸ் வாசிக்கிற பொண்ணு மூஞ்சி தெரியுமா? அத மொதல்ல போடு."

முகம் போன போக்கு

ஜெயங்கொண்டத்திலிருந்து ஒரு கணவன் மனைவி. அந்த நேரம் திரையில் ஒருவர் கண்ணை இறுக்கி மூடி, வாயைக் கோணி, தலையைப் பின்னால் சாய்த்து ஒரே சுரத்தை இழுத்துக்கொண்டிருந்தார். கணவர் ஐந்து நிமிடம் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "பாட்டு எப்பம்மா ஆரம்பிக்கும்?" என்றார். இதுதான் பாட்டு, இது எலெக்ட்ரிக் கிட்டார், கையால் வாசிக்கிற சத்தத்தை மின்சாரம் பெரிதாக்குகிறது என்று நான் பாடம் நடத்தினேன்.

மனைவியும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மின்சாரம் என்ற சொல்லைக் கேட்டதும் என் கையைப் பிடித்தார்: "அதான பாத்தேன். கரண்டு அடிக்குது போல, அந்த மனுசன் மூஞ்சி போற போக்கப் பாரேன்."

கேட்காத காது

ஏழாவது பாட்டுக்கு ஒரு கிழவர் வருவார். மற்றவர்களுக்கெல்லாம் தோள் வரை முடி. இவருக்குத் தலையில் ஒன்றுமில்லை. கேமரா அவர் முகத்தருகே போகும்போது, இடது காதுக்குள் தோல் நிறத்தில் ஒரு சின்ன குமிழ் பளிச்சென்று தெரியும்.

சேகர் அண்ணன் அந்த இடத்தில் ரிமோட்டால் நிறுத்தி எனக்குச் சொன்னார்: "இவருக்குச் சுத்தமா காது கேக்காது. மிஷின் வச்சுக்கிட்டுதான் இந்த வாசிப்பு வாசிக்கிறாரு. இதச் சொல்லிட்டு சவுண்ட ஏத்து. கஸ்டமரு அசந்துருவாங்க." உண்மையா அண்ணே என்று நான் இரண்டு தடவை கேட்டேன். அவர் திரையில் விரலை வைத்தார்: "காது தெரியுதா? காதுல மிஷின் தெரியுதா? இதுக்கு மேல என்ன உண்மை வேணும் ஒனக்கு?"

சட்டைப் பையில் இருந்த டப்பா

ரெட்டிபாளையத்திலிருந்து ஒருவர் மகளோடு வந்தார். சிமெண்ட் ஆலையில் மூட்டை பிடிக்கும் பகுதியில் வேலை. மகள் அபிநயா பதினொன்றாம் வகுப்பு. "சத்தம் நல்லா வர்ற டி.வி.யா காட்டுங்கம்மா, இவளுக்குக் கொஞ்சம் காது மந்தம்" என்றவர், சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்துக் காட்டினார். டாக்டர் கொடுத்த மிஷினாம். பள்ளியில் கிண்டல் செய்கிறார்கள் என்று அவள் மாட்டுவதில்லை. அப்பா மட்டும் எங்கே போனாலும் டப்பாவைக் கூடவே கொண்டு போகிறார். தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று தெரிந்து, அந்தப் பெண் டி.வி.க்களின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துக் கிழவர் மேடைக்கு வந்தார், பதினொரு டி.வி.யிலும். நான் அவள் பக்கத்தில் போய்க் கதையைச் சொன்னேன். "சொல்றாங்க" என்றாவது சேர்த்திருக்கலாம். கூடவே இருந்து பார்த்தவள் மாதிரி சொன்னேன். பாதிக் கதையில் அவள் அப்பாவிடம் கையை நீட்டினாள். டப்பாவைத் திறந்து, மிஷினைக் காதில் மாட்டிக்கொண்டு, மீதிக் கதையை என் வாயைப் பார்த்தபடியே கேட்டாள். அப்பா காலி டப்பாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "நாலு மாசமா டப்பாவுக்குள்ளயே கெடந்துச்சும்மா. இந்தப் பெரியவர் தெரியுற டி.வி.யவே கட்டிருங்க."

மேடை கட்டியவர்

தீபாவளி நேரத்தில் என்னைப் பெரம்பலூர் கிளைக்கு அனுப்பினார்கள். அங்கேயும் அதே கச்சேரி. லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஒரு பாய் வந்தார். துபாயிலிருந்து விடுப்பில் வந்திருந்தார். இப்போது எனக்குக் கதை மேல் நம்பிக்கை வந்துவிட்டிருந்தது. ஒரு பெண்ணை மாற்றிய கதை அல்லவா. உற்சாகமாகத் தொடங்கினேன்.

அவர் கடைசி வரை கேட்டுவிட்டுச் சிரித்தார். "நல்லா கதை சொல்றீங்கம்மா, மாஷா அல்லாஹ். ஆனா எனக்கு அங்க பன்னண்டு வருசமா மேடை கட்டுற வேலைதான். அது காது கேக்காதவங்க மாட்டுற மிஷின் இல்ல. மேடையில இருக்குற சத்தத்துல தான் வாசிக்கிறது தனக்கே கேக்காது. அதுக்காவ அவங்க வாசிப்ப அவங்க காதுக்குள்ளயே தனியா குடுக்குறது. வயரு பின்னால எறங்குது பாருங்க." பார்த்தேன். கிழவரின் பிடரியிலிருந்து ஒரு மெல்லிய வயர் சட்டைக்குள் போய், இடுப்பில் ஒரு சின்னப் பெட்டியில் முடிந்தது. எத்தனை நூறு முறை அந்தக் கழுத்தைப் பார்த்திருப்பேன்! என் முகம் மாறியதைக் கண்டு பாய் சமாதானமாகச் சொன்னார்: "நல்லா காது கேக்குறவனுக்கே அது வேணும்மா. மேடை அப்படி."

வாரண்டி

எனக்கு அன்றிலிருந்து அந்த டப்பா ஞாபகம்தான். உண்மையைச் சொன்னால் மிஷின் திரும்ப அதற்குள் போய்விடும். சொல்லாமல் விட்டால், இன்றைக்கில்லை என்றால் நாளைக்கு, பள்ளியில் யாராவது சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அது இன்னும் மோசம். இரண்டு கிளைக்கும் பொதுவான பில் கணக்கில் அவர்கள் நம்பர் இருந்தது. இரண்டு முறை எடுத்து, இரண்டு முறையும் மூடி வைத்தேன். அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்து, "அன்னிக்கு நான் சொன்னது தப்பு" என்று சொல்லிப் பார்ப்பேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா ஒரு நாள் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

கடைசியில் சேகர் அண்ணனுக்கு போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கவலையே படவில்லை: "வித்த டி.வி.க்குதாம்மா வாரண்டி. சொன்ன கதைக்கெல்லாம் கெடையாது."

ரிமோட்

பொங்கலுக்குப் பிறகு நான் அரியலூர் கடைக்குத் திரும்பியிருந்தேன். ஒரு சனிக்கிழமை அபிநயா அப்பாவோடு உள்ளே வந்தாள். கீழே விழுந்து உடைந்த ரிமோட்டை மாற்ற வேண்டுமாம். நான் "வாங்க" என்று கூடச் சொல்லவில்லை. முதலில் அவள் காதைத்தான் பார்த்தேன். மிஷின் இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் பயம் அதிகமானது.

அப்பா சர்வீஸ் மேசைக்குப் போனதும், பஸ்ஸில் பழகிய வாக்கியத்தைச் சொன்னேன். அந்தக் கிழவருக்குக் காது கேட்கும், அது வேறு கருவி, விசாரிக்காமல் சொல்லிவிட்டேன், என்னை மன்னித்துவிடு என்றேன். அவள் முடியை ஒதுக்கித் தன் காதைக் காட்டினாள்.

"அன்னிக்கே தெரியும்க்கா. அவருக்கு வயரு முதுகுல போவுது. என்னோடது காதுக்குப் பின்னாலயே நிக்கும். வேற வேற."

"தெரிஞ்சும் என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க அவ்ளோ ஆசையா சொன்னீங்க."

"இப்ப ஸ்கூலுக்கும் மாட்டிக்கிட்டுதான் போறியா?"

"ஆமா. கிண்டல் பண்றது இப்பதான் முழுசா கேக்குது. ஒண்ணும் பெருசா இல்லக்கா, ரெண்டே ரெண்டு வார்த்தையதான் திருப்பித் திருப்பிச் சொல்றானுவ. நானும் பதில் சொல்லிருவேன்."

எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. அந்தக் கதையை நம்பவில்லை என்றால், அன்றைக்கு ஏன் டப்பாவை வாங்கி மாட்டினாய் என்றேன். அவள் என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தாள்:

"நீங்க சொன்னது பாதிதான்க்கா கேட்டுச்சு. மீதியக் கேக்கத்தான் மாட்டுனேன்."

சரிபார்த்தது

அடுத்த ஒரு வாரம் கடை திறக்கும்போதே வந்து, கூட்டம் சேர்வதற்கு முன்னால் அந்தக் கச்சேரியைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தி நிறுத்தி, எல்லோரும் சேர்ந்து நிற்கிற கடைசிப் பாட்டு வரைக்கும் முழுதாகப் பார்த்தேன். தலையை ஆட்டும்போது முடி விலகுகிற இடங்களில் நின்று எண்ணினேன். மேடையேறிய பதினான்கு பேரில் பதின்மூன்று பேருக்குக் காதுக்குள் அதே குமிழ், ட்ரம்ஸ் வாசித்தவருக்குத் தலை மேல் பெரிய ஹெட்போன். ஆக, காதில் ஒன்றுமில்லாமல் நின்றவர் ஒருவருமில்லை, காது கேளாதவர் என்று எங்கள் இரண்டு கிளையிலும் பெயர் வாங்கியவர் மட்டும் காதை மறைக்கத் தலைமுடி இல்லாத அந்த ஒருவர்தான்.