வெள்ளையண்ணன் அடித்த நீலம்

பெயிண்டர்கள் மத்தியில் அவருக்கு வெள்ளையண்ணன் என்று பெயர். ஆள் நல்ல கறுப்பு. வெள்ளைச் சுவர் அடிக்க அவரை விட்டால் ஆள் இல்லை என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. கடையில் வாங்கும் வெள்ளையை அப்படியே அடித்தால் காய்ந்ததும் லேசாக மஞ்சள் காட்டும். அதை அமுக்க வாளியில் சொட்டு நீலம் விட வேண்டும். எவ்வளவு என்பதில்தான் வித்தையே இருக்கிறது. வெள்ளையண்ணன் அளந்ததே கிடையாது. பார்ப்பார், விடுவார், கலக்குவார், "போதும்" என்பார். அந்தப் "போதும்"க்கு மறுபேச்சு கிடையாது.

அப்பேர்ப்பட்ட கண்ணில்தான் புரை விழுந்தது. தொபுக்கடீர் என்று விழவில்லை. விருந்தாளி மாதிரி வந்து, வீட்டுக்காரன் மாதிரி சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. எதைப் பார்த்தாலும் பழுப்பாகத் தெரிய ஆரம்பித்தது. அவர் பல்பைத் திட்டினார். பல்பை மாற்றினார். புது பல்பையும் திட்டினார். வாளியில் மஞ்சள் போகவே மாட்டேன் என்கிறதே என்று இன்னும் கொஞ்சம் நீலம் விட்டார். அப்புறம் இன்னும் கொஞ்சம்.

"மாமா, நீலம் ஜாஸ்தி" என்று முதலில் வாயைத் திறந்தவன் அவருடைய மச்சினன். மனைவியின் தம்பி, கூடவே வேலை பார்த்தவன். வாயைத் திறந்த இடம், வேலைக்குப் போயிருந்த ஒரு டீச்சர் வீட்டு ஹால். வெள்ளையண்ணன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் சாப்பிடப் போன நேரத்தில் இவன் தனி வாளி கலக்கி ஒரு சுவரை முடித்துவிட்டான். காய்ந்ததும் ஹாலுக்கு இரண்டு முகம்.

"என்னங்க, ரெண்டும் வேற வேறயா இருக்கு?" என்றார் டீச்சர்.

"இவன் அடிச்ச பக்கத்தைப் பாருங்க டீச்சர். பல்லு விளக்காதவன் வாய் மாதிரி இருக்கு."

டீச்சர் பார்த்தார். அவர் கண்ணுக்கு அது வெள்ளையாகத்தான் தெரிந்தது. ஆனால் சொல்வது யார்? வெள்ளையண்ணன். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

"மாமா, சத்தியமா அது..."

"கண்ணு என்ன முதுகிலயா இருக்கு உனக்கு? இனிமே என் வாளி பக்கம் வராதே."

அவன் அடித்த சுவரையும் தன் வாளியில் தொட்டு மறுபடி அடித்தார். அதோடு விட்டாரா? மறுநாள் காலை பெயிண்ட் கடை வாசலில், வேலைக்குக் காத்திருந்தவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, "என் மச்சினனுக்கு எல்லாம் இருக்குடா, கலர் கண்ணு மட்டும்தான் இல்ல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போயிருந்தால் பரவாயில்லை, ஞாபகம் வைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அவனுக்குச் சுவர் வேலை கொடுக்க ஆள் இல்லை. இரும்புக் கேட்டு, கிரில், மழைத்தண்ணிக் குழாய். கறுப்பு, விட்டால் பிரவுன்.

டம்ளர் ஒரு பக்கமும் டீ ஒரு பக்கமும் போக ஆரம்பித்த பிறகுதான் மனைவி வெள்ளையண்ணனைக் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். வலது கண்ணுக்கு முதலில் ஆபரேஷன். மேலே பெரிய வெளிச்சம், அதற்குள் என்னென்னவோ நெளிந்தது. வலிக்கவில்லை. "பேசாதீங்க, தலையை ஆட்டாதீங்க" என்று மட்டும் சொன்னார்கள். அவர் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். எதிரே நர்ஸ். அந்த உடுப்பின் வெள்ளையைப் பார்த்து அவருக்கு மூச்சே நின்றுவிட்டது.

"என்னம்மா சோப்பு போடுற?"

"எல்லாரும் இதைத்தான் கேக்குறீங்க" என்று நர்ஸ் சிரித்தார்.

கறுப்புக் கண்ணாடியோடு வீடு வந்து, உள்ளே உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றினார். போன தடவை தானே அடித்த சுவர் எதிரில் நின்றது.

"யாருடி இதுக்கு நீலம் அடிச்சது?"

"நீங்கதான்."

அவர் ஒரு கண்ணை மூடினார். வெள்ளை. மற்றதை மூடினார். நீலம். சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி மாற்றி மாற்றி மூடிப் பார்த்தார். பழைய கண் பொய் சொன்னது, புதுக் கண் மானத்தை வாங்கியது.

"ஏன் சொல்லல?"

"சொன்னவன் கதிதான் தெரியுமே" என்றபடி அவர் மனைவி அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

அன்று சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் சாப்பிட்டார்.

சொட்டு மருந்தில் அடுத்த தொல்லை. மனைவிக்குக் கண் என்றாலே பயம். மூக்கில் ஒன்று, காதில் ஒன்று, தலையணைக்கு இரண்டு. கடைசியில் தம்பியைக் கூப்பிட்டுவிட்டார். அவன் மறுக்காமல் வந்தான். சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவினான். நகக்கண்ணில் கேட்டுக்கு அடித்த கறுப்பு மட்டும் போகவில்லை. சுவரும் கூரையும் சேரும் இடத்தில் பிசிறில்லாமல் கோடு இழுக்கிற கை அது. ஒரே சொட்டு, நேராகக் கண்ணுக்குள்.

"மாப்ள..." என்று ஆரம்பித்தார்.

"பேசாதீங்க மாமா. மேல பாருங்க."

நல்லதாய்ப் போயிற்று என்று இவரும் பேசாமல் மேலே பார்த்தார். ஒவ்வொரு வேளையும் இதே கூத்து. சொல்ல வேண்டும் என்று நினைப்பார். மருந்து விழும். கண்ணை மூடச் சொல்வான். மூடித் திறப்பதற்குள் அவன் கிளம்பியிருப்பான். மூடிய கண்ணுக்குள்ளும் அந்தக் கறுப்பு நகம்தான் நின்றது.

ஒரு நாள் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். "இந்தச் செவுரு என்ன கலர்டா?"

அவன் சுவரைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். நோயாளிக் கோலம், தாடி, தலைக்குக் குளிக்காத வாடை.

"வெள்ளை மாமா" என்றான்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

மறுநாள் காலை, தூசியில் போகக் கூடாது என்று டாக்டர் சொன்னதையும் மீறி, கறுப்புக் கண்ணாடியோடு பெயிண்ட் கடை வாசலில் போய் நின்றார். "அண்ணே, சினிமாவுல சான்ஸ் வந்துடுச்சா?" என்றான் ஒருவன்.

"எல்லாரும் கேளுங்கடா. டீச்சர் வீட்டுல தப்பா கலந்தது என் மச்சினன் இல்ல. நான். கண்ணு இல்லாம இருந்தது எனக்கு. இங்க நின்னு அவன் பேரைக் கெடுத்ததும் நான்தான்."

யாரும் சிரிக்கவில்லை. கடைக்காரர் மட்டும் மெதுவாகக் கேட்டார்: "அண்ணே, போன மாசம் நீங்க அடிச்ச எங்க மாடி ரூமு?"

"நீலம்."

"நானும் என் பொண்டாட்டியும் ஒருத்தர்கிட்ட ஒருத்தர் சொல்லாமலே இருந்தோம்ணே."

அப்போதுதான் மச்சினன் வந்து சேர்ந்தான். வீட்டில் தேடிவிட்டு ஓடி வந்திருக்கிறான், கையில் மருந்து பாட்டில். "அறிவிருக்கா மாமா? இந்தத் தூசியில..."

"சொல்லிட்டேன்டா. எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

அவன் பாட்டில் மூடியைத் திருகி இறுக்கினான். "டீச்சர் முன்னாடிதானே முதல்ல என்னைச் சொன்னீங்க" என்றான்.

அங்கேயும் போனார்கள். டீச்சர் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தார். "ஐயோ, இந்தச் சுவருக்குப் பொருத்தமா இருக்கட்டும்னு திரைச்சீலை எல்லாத்தையும் நீலத்துல மாத்திட்டேனேங்க!"

ஹாலை மறுபடி அடித்தது மச்சினன். அவன் வாளி, அவன் கலவை. வெள்ளையண்ணனுக்கு உள்ளே வர அனுமதி இல்லை. வாசலுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தான். முதல் சுவர் முடிந்ததும் எட்டிப் பார்த்தார். இன்னும் ஆபரேஷன் ஆகாத இடது கண் மஞ்சள் என்றது. இன்னும் ஒரு சொட்டு நீலம் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

உள்ளே இருந்து அவன் திரும்பிப் பார்த்தான். கையில் நீல பாட்டில். "மாமா, போதுமா?"

அவர் இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.

"என்னைக் கேக்காதடா" என்றார்.