மூன்றாவது சிடியில் இருந்த பந்தி

மக்காச்சோளக் காட்டில் நூலில் கட்டித் தொங்கி, வெயிலில் மேல்பூச்சு அங்கங்கே உரிந்துபோன ஒரு வீடியோ சிடி. அடுத்தவர் கல்யாணங்களை வெட்டியும் ஒட்டியும் என் கண்ணே எரிந்துபோய்விட்டது. ஒரு முகூர்த்தமும் நினைவில் இல்லை. அந்த சிடி மட்டும் போகமாட்டேன் என்கிறது.

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து ஸ்டுடியோவில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. பழைய வீடியோ சிடிகளை டிவிடியாக மாற்ற ஊரே அள்ளிக்கொண்டு வந்த காலம். நைனார்பாளையத்திலிருந்து ஒரு அக்கா மூன்று சிடிகளோடு வந்தார். அவர் கூலிக்குப் போகும் பெரிய வீட்டுக் கல்யாணம். "ரெண்டு போடும்மா. ஒண்ணு அவங்களுக்கு, ஒண்ணு எனக்கு" என்றார். "அவங்க கல்யாணம் உங்களுக்கு இன்னாத்துக்குக்கா? மாப்பிள்ளைய பாத்துகினே இருக்கவா?" என்றேன். சிரித்துவிட்டுப் போனார். கேலி பேசத் தெரிந்த எனக்குக் காரணம் கேட்கத் தெரியவில்லை.

காரணம் பந்தியில் இருந்தது. அந்தக் கல்யாணத்தில் சாம்பார் பரிமாறியவர் அவருடைய கணவர். மூன்றாவது சிடியில் வரிசை முழுக்க நடந்து வருவாராம். சில மாதத்திலேயே கிணறு வெட்டும்போது மண் சரிந்து செத்துப்போனார். அப்போது வயிற்றில் இருந்த மகளுக்கு அப்பா என்றால் ரேஷன் கார்டு படம்தான். அவர் நடமாடி அவள் பார்த்ததே இல்லை.

எங்கள் முதலாளிக்கு ஒரு சட்டம் உண்டு. மூன்று சிடியும் ஒரே டிவிடியில் அடங்க வேண்டும், அதனால் பந்தியை வெட்டு. "சாப்புடறத யாரும்மா பாக்கப் போறாங்க?" என்பார். நானும் வாழையிலை தெரிந்ததும் வெட்டினேன். அன்றைக்கு மட்டும் எத்தனை பந்தியை வெட்டினேனோ.

நாலு நாள் கழித்து அந்த அக்கா திரும்பி வந்தார். "முழுசும் போட்டுப் பாத்துட்டேன். எங்க வூட்டுக்காரரு வரவே இல்லியேம்மா" என்றார். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னார். இடம் போதவில்லை என்று கம்ப்யூட்டரில் இருந்ததையும் அழித்திருந்தேன். பழைய சிடியைக் கொண்டு வரச் சொன்னேன். பெரிய வீட்டிலோ, புது டிவிடி வந்துவிட்டதே என்று பழையதைக் கிளி விரட்டக் காட்டில் கட்டிவிட்டார்கள். அங்கேயே களை வெட்டப் போன அக்கா, மையில் 3 என்று எழுதியிருந்ததை மட்டும் தேடி அவிழ்த்து, அடுத்த வாரம் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

சோப்புத் தண்ணீரில் கழுவினேன். மூன்று கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். மூன்றும் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு சிடியை வெளியே தள்ளின. "என் தப்புதாங்கக்கா" என்றேன்.

"உன்ன சொல்லி இன்னா ஆவப் போவுது. சாம்பார் ஊத்தறவன் மொகத்த யாரு பாக்கறா?"

திட்டியிருந்தால் தேவலை.

பக்கத்தில் நின்ற மகள், "எப்பிடிம்மா ஊத்துவாரு?" என்று கேட்டாள்.

அக்கா என்னைப் பார்த்தார். கடையில் வேறு யாரும் இல்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, இடது கையில் வாளி கனப்பதுபோல் ஒரு பக்கம் சாய்ந்து நடக்க ஆரம்பித்தார். "எடது காலு கொஞ்சம் இழுக்கும். சாம்பாரு, சாம்பாருன்னு சொல்லிகினே வருவாரு."

மகள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அக்கா அவள் முன்னால் வந்து குனிந்து, வெறுங்கையால் ஊற்றினார்.

"போதும்னு சொல்ற வரைக்கும் ஊத்துவாரு" என்றார்.

மகள் போதும் என்று சொல்லவே இல்லை.